இருவழிச் சாலையின் வடிவியல்: முதல் முளையிலிருந்து கடைசி லெவல் வரை

சாலை வடிவமைப்பு மூன்று தாள்களில் நடக்கிறது. மேலிருந்து பார்ப்பது பிளான். நீளவாக்கில் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவது எல்.எஸ். குறுக்கே அறுத்துக் காட்டுவது சி.எஸ். ஓட்டுகிறவருக்கு இந்த மூன்றும் ஒரே காட்சியாகத்தான் முன்னே விரிகின்றன. ஒவ்வொரு தாளிலும் சரியாக இருந்து, மூன்றும் சேரும் இடத்தில் தப்பிப்போன சாலைகள் ஏராளம். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் திடீரென்று ஒடியும் வளைவும், மழை பெய்தால் வெளிப்பக்கத் தடத்தில் மட்டும் பத்து மீட்டருக்குத் தேங்கும் தண்ணீரும் இந்த வகைதான்.

ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு நகர்வோம். சமவெளியில் 7 மீ. அகலத் தார்ச்சாலை. அதில் ஒரு வளைவு. வளைவு முடிந்த கொஞ்ச தூரத்தில் ஒரு மேம்பாலத்துக்கு ஏறி இறங்கும் மேடு. எண்கள் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) விதிகளை ஒட்டியவை. சாலை வளர்ச்சியை ஆராய்ந்த ஜெயகர் குழுவின் பரிந்துரையை அடுத்து 1934இல் தொடங்கிய அமைப்பு அது. ஊரகச் சாலை வடிவியலுக்கு ஐ.ஆர்.சி. 73, கிடைவளைவுக்கு (இடம் வலமாகத் திரும்புவது) 38, பார்வைத் தூரத்துக்கு 66, செங்குத்து வளைவுக்கு (ஏற்ற இறக்கம் மாறும் இடம்) சிறப்பு வெளியீடான எஸ்.பி. 23, மலைச்சாலைக்கு 52. இந்த ஐந்தும் மேசையில் இருக்கட்டும். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஒப்பந்தங்களுக்குத் தனிக் கையேடு இருக்கும். அதன் எண் வேறாக இருந்தால் ஒப்பந்தம் சொல்வதே முதல்.

1. நிலத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்தல்

முதலில் நிலத்தின் குறுக்குச் சரிவை அளக்க வேண்டும். 10 சதவீதம் வரை சமவெளி, 10 முதல் 25 வரை மேடு பள்ள நிலம், 25 முதல் 60 வரை மலை, அதற்கு மேல் செங்குத்து மலை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்குச் சமவெளியில் வடிவமைப்பு வேகம் மணிக்கு 100 கி.மீ., குறைந்தபட்சம் 80. மேடு பள்ள நிலத்தில் 80, 65. மலையில் 50, 40. செங்குத்து மலையில் 40, 30. நம் எடுத்துக்காட்டுக்கு 80 எடுத்துக்கொள்வோம்.

இந்த வேகம் பலகையில் எழுதும் வேக வரம்பு என்று பலர் நினைக்கிறார்கள். பலகை பிறகு வருவது, மாற்றவும் முடியும். வடிவமைப்பு வேகம் மண்ணில் பதிந்துவிடும் எண். ஆரம், பார்வைத் தூரம், மேட்டின் நீளம் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. நிலம் கிடைக்கவில்லை என்பதற்காக நடுவில் ஒரு வளைவை மட்டும் 50க்குச் சுருக்கினால் அங்கேதான் விபத்து நடக்கும். 3 கி.மீ. நேராக 90இல் வந்தவருக்கு அந்த வளைவு 50க்கானது என்று சாலை எங்கேயும் சொல்லியிருக்காது. குறைத்தே ஆகவேண்டுமானால் 80, 65, 50 என்று அடுத்தடுத்த வளைவுகளில் படியாகக் குறையுங்கள்.

2. கோடு போடுதல்

முதலில் தொட்டே ஆகவேண்டிய இடங்களைக் குறியுங்கள்: பாலம் கட்டத் தோதான ஆற்றுக் குறுக்கு, ரயில்வே கடவு, சந்திக்க வேண்டிய சாலை. அடுத்து தொடக்கூடாத இடங்கள்: கோவில், சுடுகாடு, ஏரிக்கரை, உயர் அழுத்த மின்கோபுரம். மீதியிருக்கும் இடைவெளியில்தான் நேர்கோடுகள் போடுகிறோம். இரண்டு நேர்கோடு வெட்டும் புள்ளியைத் தளத்தில் ஐ.பி. என்பார்கள். அங்கே எத்தனை பாகை திரும்புகிறது என்பது விலகு கோணம்.

கண்மாய், வாய்க்கால் உள்ள பகுதியில் வெள்ளம் எட்டிய மட்டத்தை ஊர்க்காரர்களிடம் கேட்டு, சுவரில் கறை இருந்தால் லெவல் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். சாலையின் அடிமண் அடுக்கு அந்த மட்டத்துக்கு மேல் 0.6 மீட்டராவது இருக்கவேண்டும். 1 மீ. கிடைத்தால் நல்லது.

கோடு போடும்போது கவனிக்க நாலு விஷயம் உண்டு. 3 கி.மீட்டருக்கு மேல் ஒரே நேர்கோடு வேண்டாம். தூக்கம் வரும், எதிரே வரும் வண்டியின் வேகமும் பிடிபடாது. 5 பாகை போன்ற சின்னத் திருப்பத்துக்குக் குறைந்தது 150 மீ. நீள வளைவு கொடுங்கள்; கோணம் ஒவ்வொரு பாகை குறையும்போதும் 30 மீ. கூட்டுங்கள். இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சாலை ஒடிந்ததுபோலத் தெரியும். ஒரே பக்கம் திரும்பும் இரண்டு வளைவுக்கு நடுவே குட்டி நேர்கோடு வைக்காதீர்கள். முடிந்தால் ஒரே பெரிய வளைவாக்குங்கள், முடியாவிட்டால் 10 விநாடி ஓடும் தூரமாவது விடுங்கள். 80 வேகத்தில் அது 222 மீ. எதிரெதிர்ப் பக்கம் திரும்பும் வளைவுகளுக்கு நடுவே இரண்டின் இடைமாறு வளைவும் (நேர்கோட்டையும் வட்டத்தையும் இணைக்கும் துண்டு, 6ஆம் பகுதியில் வரும்) முழுதாக அடங்கும் இடம் வேண்டும்.

3. பார்வைத் தூரம்

மற்ற எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர் தடையைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி. அதற்குள் 80 வேக வண்டி 55.6 மீ. ஓடிவிடும். இதற்கு வாய்பாடு 0.278 × வேகம் × 2.5. பிரேக் பிடித்த பிறகு ஓடுவது வேகம்² ÷ (254 × உராய்வு). 80 வேகத்துக்கு உராய்வு 0.35 என்று எடுத்தால் 72 மீ. ஆக வண்டி நிற்க மொத்தம் 128 மீ.

ஐ.ஆர்.சி. அட்டவணையில் 80க்கு நேராக 120 என்று இருக்கும். நம் கணக்கில் வந்த 128ஐவிட இது குறைவு. 120 விதிப்படி செல்லும். இடம் இருந்தால் 130 வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் செலவு கூடாது. மற்ற வேகங்களுக்கு: 40க்கு 45 மீ., 50க்கு 60, 65க்கு 90, 100க்கு 180. இறக்கமானால் உராய்வு எண்ணிலிருந்து சரிவைக் கழிக்கவேண்டும். 4 சதவீத இறக்கத்தில் பிரேக் தூரம் 72 மீ. என்பது 81 ஆகிவிடும்.

கண்ணின் உயரம் 1.2 மீ., தடையின் உயரம் 0.15 மீ. என்று வைத்துக்கொள்கிறோம். இந்த இரண்டு எண்ணும் பின்னால் மேட்டுக் கணக்கிலும் வரும்.

முந்திச் செல்லத் தேவையான தூரம் வேறு கதை. 80 வேகத்துக்கு 470 மீ., 100க்கு 640 மீ. எல்லா இடத்திலும் இதைத் தர முடியாது. தர முடியாத இடத்தில் நடுக்கோட்டைத் தொடர்கோடாக்கி, முந்தாதே பலகை வைப்பதும் வடிவமைப்பின் வேலைதான். நடுவாந்தரமாக நிற்கும் தூரத்தைப்போல் இருமடங்கு, அதாவது 240 மீ. தரமுடிந்தால் எதிரெதிரே வருகிற இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கலாம்.

4. வளைவின் ஆரம்

வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசையை இரண்டு பேர் தாங்குகிறார்கள். ஒன்று டயரின் பக்கவாட்டு உராய்வு, இன்னொன்று வெளிவிளிம்பைத் தூக்கிப் போடும் சாய்வு. தளத்தில் எல்லாரும் சூப்பர் எலிவேஷன் என்று சொல்வது இதைத்தான்.

சாய்வு + உராய்வு = வேகம்² ÷ (127 × ஆரம்)

உராய்வுக்கு 0.15க்கு மேல் போகக்கூடாது. சாய்வுக்குச் சமவெளியிலும் மேடு பள்ள நிலத்திலும் உச்சவரம்பு 7 சதவீதம், பனி விழாத மலையில் 10, அடிக்கடி சந்திப்பு வரும் நகரத்தில் 4. எனவே 80 வேகத்துக்குக் குறைந்தபட்ச ஆரம் 6400 ÷ (127 × 0.22) = 229, அதாவது 230 மீ. 100க்கு 360 மீ., 65க்கு 155, 50க்கு 90.

அட்டவணையின் குறைந்தபட்சம் பாஸ் மார்க் மாதிரி. 35 வாங்கவேண்டும் என்று குறிவைத்து யாரும் படிப்பதில்லை. 230 மீ. ஆரத்தில் 80ஐத் தாண்டினால் கணக்கில் மிச்சம் எதுவும் கிடையாது. 300 மீ. கொடுத்தால் அதே சாய்வுக்கும் உராய்வுக்கும் 91 கி.மீ. வரை தாங்கும். நம் எடுத்துக்காட்டுக்கு 300 மீ. எடுத்துக்கொள்வோம். விலகு கோணம் 30 பாகை.

5. எவ்வளவு சாய்ப்பது

இங்கே ஒரு சிக்கல். 80இல் வரும் பேருந்துக்குப் போதுமான சாய்வு, 20இல் ஊர்ந்து வரும் கரும்பு டிராக்டருக்கும் வைக்கோல் லாரிக்கும் அதிகம். உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் ஐ.ஆர்.சி. முறை இப்படிப் போகிறது. வேகத்தின் முக்கால் பங்கை மட்டும் சாய்வு தாங்கட்டும், உராய்வைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அதற்கான வாய்பாடு வேகம்² ÷ (225 × ஆரம்). நம் வளைவுக்கு 6400 ÷ 67500 = 9.5 சதவீதம். இது 7ஐத் தாண்டுவதால் 7இல் நிறுத்துகிறோம். பிறகு முழு வேகத்துக்கு உராய்வு எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்க்கிறோம்: 6400 ÷ 38100 = 0.168. இதில் 0.07ஐக் கழித்தால் 0.098. 0.15க்குள் இருப்பதால் சரி. தாண்டியிருந்தால் ஆரத்தைக் கூட்டவேண்டும், அல்லது அந்த இடத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும்.

ஆரம் மிகப் பெரிதானால் சாய்வே தேவையில்லை, வழக்கமான கேம்பரே (நடுவிலிருந்து இரு விளிம்புக்கும் தரும் சரிவு) போதும். 80 வேகம், 2 சதவீதக் கேம்பர் என்றால் அந்த எல்லை சுமார் 1400 மீ. 100க்கு 2200 மீ.

6. இடைமாறு வளைவு

நேர்கோட்டில் ஆரம் முடிவிலி. வட்டத்தில் 300 மீ. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே நொடியில் தாவினால் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பவேண்டியிருக்கும். அதனால் ஆரம் படிப்படியாகக் குறையும் ஒரு சுருள்துண்டை நடுவில் வைக்கிறோம். சாய்வும், வளைவில் சாலைக்குத் தரும் கூடுதல் அகலமும் (காரணம் 7ஆம் பகுதியில்) வளர்வதும் இந்தத் துண்டில்தான். நீளத்தை மூன்று வழியில் பார்த்து, பெரியதை எடுக்கவேண்டும்.

முதலாவது, உடல் உணரும் அசைவு. 0.0215 × வேகம்³ ÷ (மாற்ற வீதம் × ஆரம்). மாற்ற வீதம் 80 ÷ (75 + வேகம்), அதாவது 0.516. இது 0.5க்கும் 0.8க்கும் நடுவே இருக்கவேண்டும். நீளம் 71.1 மீ.

இரண்டாவது, சாய்வு வளரும் வேகம். சமவெளியில் விளிம்பு 150க்கு 1 என்ற வீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. மலையில் 60க்கு 1. கூடுதல் அகலம் 0.6 மீ. சேர்த்துச் சாலை 7.6 மீ. நடுக்கோட்டைச் சுற்றித் திருப்பினால் வெளிவிளிம்பு 0.07 × 3.8 = 0.266 மீ. ஏறும், நீளம் 40 மீ. உள்விளிம்பைச் சுற்றித் திருப்பினால் 0.532 மீ. ஏறும், நீளம் 80 மீ.

மூன்றாவது, 2.7 × வேகம்² ÷ ஆரம். 57.6 மீ. மலையில் 2.7ஐ விட்டுவிடலாம்.

நடுக்கோட்டைச் சுற்றுவதாக இருந்தால் 71ஐ முழுமையாக்கி 75 மீ. எடுக்கலாம். மண் குறைவு, நடுக்கோட்டு லெவலும் மாறாது. ஆனால் உள்விளிம்பு வழக்கமான கேம்பரில் இருப்பதைவிடச் சுமார் 18 செ.மீ. கீழே இறங்கும். காவிரி டெல்டா போன்ற தட்டை நிலத்தில் அந்த 18 செ.மீட்டரே வடிகாலைக் கெடுத்துவிடும். அங்கே உள்விளிம்பை அப்படியே வைத்து, 80 மீ. கொடுத்து வெளிப்பக்கத்தைத் தூக்குவதுதான் சரி. நாம் 75 மீட்டருடன் தொடர்வோம்.

7. முளை அடிக்கும் எண்கள்

வட்டம் உள்ளே தள்ளப்படும் அளவு: 75² ÷ (24 × 300) = 0.78 மீ.
ஐ.பி.யிலிருந்து வளைவின் தொடக்கம்: (300 + 0.78) × டான் 15 பாகை + 37.5 = 118.1 மீ.
ஒவ்வொரு இடைமாறு வளைவும் தின்னும் கோணம்: 75 ÷ 600 ரேடியன் = 7.16 பாகை.
வட்டத்துக்கு மீதி: 30 − 14.32 = 15.68 பாகை. நீளம் 82.1 மீ.

ஐ.பி. 2450 மீ. செயினேஜில் (சாலையின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) இருக்கிறது என்றால் வளைவு 2331.9இல் தொடங்கும். 2406.9இல் வட்டம். 2489.0இல் வட்டம் முடியும். 2564.0இல் நேர்கோடு. புதியவர்கள் தவறுவது இந்தக் கடைசி எண்ணில். 2450 + 118.1 = 2568.1 என்று எழுதிவிடுவார்கள். செயினேஜ் சாலைவழியே அளப்பது, சாலை ஐ.பி.யைத் தொடாமல் உள்ளே வெட்டிப் போகிறது. அந்த 4.1 மீ. பிழை அடுத்த கல்வெர்ட்டிலிருந்து (சிறுபாலம்) கடைசிக் கிலோமீட்டர் வரை கூடவே வரும். வளைவுக்கு வளைவு சேர்ந்துகொண்டே போகும்.

கூடுதல் அகலம் எதற்கு என்றால், நீண்ட வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தில் போகாமல் உள்ளே இழுத்துப் போகும். இருவழிச் சாலைக்கு ஆரம் 40 மீ. வரை 1.5 மீ., 41 முதல் 60 வரை 1.2, 61 முதல் 100 வரை 0.9, 101 முதல் 300 வரை 0.6. அதற்கு மேல் தேவையில்லை. சமவெளியில் இரு பக்கமும் பாதிப் பாதி, மலையில் முழுதும் உள்பக்கம்.

8. தண்ணீர் தேங்கும் பத்து மீட்டர்

நேர்கோட்டில் நம் சாலை நடுவில் முதுகு தூக்கி, இரு பக்கமும் 2.5 சதவீதம் சரிந்திருக்கும். நல்ல கனமான தார்த் தளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் 1.7 முதல் 2, மெல்லிய தார்த் தளத்துக்கு 2 முதல் 2.5, சரளைக்கு 2.5 முதல் 3 என்பது வழக்கம். பெர்ம் (தார் விளிம்பை ஒட்டிய மண் ஓரம்) எப்போதும் சாலையைவிட 0.5 சதவீதமாவது கூடுதலாகச் சரியவேண்டும், 3க்குக் குறையக்கூடாது.

வளைவில் வெளிப்பாதி −2.5இலிருந்து +7க்குப் போகவேண்டும். போகிற வழியில் ஓரிடத்தில் சுழியம். இடைமாறு வளைவின் தொடக்கப் புள்ளியில், அதாவது 2331.9இல், சுழியம் வரும்படி வைப்பது வழக்கம். −2.5இலிருந்து சுழியத்துக்கு வரும் வேலை அதற்கு முன் 27 மீட்டரில், நேர்கோட்டிலேயே முடியும். சாய்வு 75 மீட்டருக்கு 7 என்ற வீதத்தில் மாறுவதால், சுழியத்துக்கு இருபுறமும் 5.4 மீ. வரை சாய்வு 0.5 சதவீதத்தைக்கூடத் தொடாது. கிட்டத்தட்ட 11 மீட்டருக்கு வெளிப்பக்கத் தடம் பாய் விரித்தாற்போல் தட்டை. வளைவின் முடிவிலும் இதேபோல் ஒரு 11 மீ.

அந்த இடத்தில் நீளவாக்கிலும் சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் போக வழியே இல்லை. வண்டி வளைவுக்குள் நுழையும் அதே புள்ளியில் டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர்ப் படலம். பிளானும் சி.எஸ்.ஸும் சரி, எல்.எஸ்.ஸும் சரி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். தீர்வு எளிது. இந்த இரண்டு இடத்திலும் நீளவாக்கில் குறைந்தது 0.5 சதவீதச் சரிவு இருக்கும்படி எல்.எஸ்.ஸைத் திருத்துங்கள். நம் சாலை வளைவு முழுக்க 0.5 சதவீதம் இறங்கிப் போவதாக வைத்துக்கொள்வோம்.

நான்குவழிச் சாலையானால் இன்னொன்று. சாய்வு கொடுத்த வளைவில் வெளிப்பக்கச் சாலையின் தண்ணீர் எல்லாம் நடுத்திட்டை நோக்கி ஓடிவரும். அங்கே வடிகாலும், சாலைக்கு அடியில் குழாயும் இல்லாவிட்டால் வேகத் தடத்திலேயே குளம்.

9. புளியமரத்தை எங்கே வைப்பது

வளைவின் உள்பக்கம் சுவர், மரம், மண்மேடு எது இருந்தாலும் பார்வை மறையும். உள்தடத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் வெட்டவெளியாக இருக்கவேண்டும் என்பதற்குச் சுருக்கமான கணக்கு: பார்வைத் தூரம்² ÷ (8 × ஆரம்). 120² ÷ 2400 = 6 மீ. உள்தடத்தின் நடு சாலையின் நடுக்கோட்டிலிருந்து 1.9 மீ. தள்ளி இருப்பதால், நடுக்கோட்டிலிருந்து 7.9 மீ. பெர்ம் உட்படச் சாலை 12 மீ. அகலம் என்றால் பாதி 6 மீ. ஆக பெர்மைத் தாண்டியும் சுமார் 2 மீ. காலியாக இருக்கவேண்டும்.

நிலம் எடுப்பவரிடம் இந்த 2 மீட்டரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. பழைய சாலைகளில் புளியமரங்கள் நிற்பது சரியாக இந்த இடத்தில்தான். வெட்டுவது ஒன்றுதான் வழி என்று இல்லை. வெளிப்பக்கமாக நடுக்கோட்டை நகர்த்தினாலும் பல மரம் தப்பும். பார்வைத் தூரம் இருமடங்கானால், வளைவும் போதிய நீளமிருந்தால், இந்த இடைவெளி நான்கு மடங்காகும். வளைவில் முந்தும் வசதி ஏன் கட்டுப்படியாவதில்லை என்பது இதிலேயே தெரியும்.

10. ஏற்ற இறக்கம்

சமவெளியிலும் மேடு பள்ள நிலத்திலும் வழக்கமான ஏற்றம் 3.3 சதவீதம், எல்லை 5, வேறு வழியே இல்லாத இடத்தில் குறுகிய நீளத்துக்கு 6.7. வடிகால் ஓட, பூசிய வாய்க்காலுக்கு 0.5 சதவீதமும் மண் வாய்க்காலுக்கு 1 சதவீதமும் வேண்டும்.

நம் சாலை 0.5 இறங்கி வந்து, 2650இல் 3.3 ஏற ஆரம்பிக்கிறது. 2900இல் மேம்பால உச்சி, பிறகு 3.3 இறக்கம்.

முதலில் பள்ளம். சரிவு மாற்றம் 3.8 சதவீதம். இரவில் முகப்பு விளக்கு எட்டும் தூரமே இங்கே அளவுகோல். விளக்கு 0.75 மீ. உயரத்தில், ஒளி 1 பாகை மேல்நோக்கி. நீளம் = 2 × பார்வைத் தூரம் − (1.5 + 0.035 × பார்வைத் தூரம்) ÷ மாற்றம். 240 − 5.7 ÷ 0.038 = 90 மீ. வளைவு நீளம் பார்வைத் தூரத்தைவிடக் குறைவு என்பதால் இந்த வாய்பாடு, மீறினால் மாற்றம் × தூரம்² ÷ (1.5 + 0.035 × தூரம்). உடல் குலுங்காமல் இருக்க 53 மீ. போதும். எனவே 90. பள்ளம் 2605இலிருந்து 2695 வரை. கிடைவளைவு 2564இல் முடிந்துவிட்டது, இரண்டும் மோதவில்லை.

தண்ணீர் எங்கே சேரும்? 2650இல் என்று நினைத்து அங்கே குழாய் வைப்பது மிகப் பரவலான தவறு. தாழ்ந்த புள்ளி மென்சரிவின் பக்கம் ஒதுங்கும். தொடக்கத்திலிருந்து 90 × 0.5 ÷ 3.8 = 11.8 மீ. அதாவது 2616.8. குழாய் 33 மீ. தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும்.

அடுத்து மேடு. மாற்றம் 6.6 சதவீதம். நீளம் = மாற்றம் × பார்வைத் தூரம்² ÷ 4.4 = 216, முழுமையாக்கி 220 மீ. அந்த 4.4தான் 1.2 மீ. கண்ணும் 0.15 மீ. தடையும் தந்த எண். முந்தும் தூரத்துக்குக் கேட்டால் 4.4க்குப் பதில் 9.6 போட்டு 1519 மீ. வரும், யாரும் கட்டமாட்டார்கள். எனவே மேடு முழுக்கத் தொடர்கோடு.

இதில் இரண்டு பொறி. ஒன்று, இரு சரிவுகள் வெட்டும் புள்ளியைவிட உண்மையான உச்சி 0.066 × 220 ÷ 8 = 1.8 மீ. கீழே இருக்கும். 250 மீட்டரில் 8.25 மீ. ஏறினோம் என்று பாலத்தின் அடியில் லாரிக்கான உயரத்தைக் கணக்கிட்டவர், 6.4 மீட்டரில் மாட்டிக்கொள்வார். இரண்டு, உச்சியில் 33 மீட்டருக்கு நீளவாக்குச் சரிவு 0.5க்கும் குறைவு. பாலத்தளத்தின் கேம்பரும் மழைநீர்க் குழாய்களும்தான் அங்கே வேலை செய்யவேண்டும்.

மேட்டின் உச்சியிலோ, அதைத் தாண்டியதுமோ கிடைவளைவைத் தொடங்காதீர்கள். ஏறுகிறவருக்கு வானம்தான் தெரியும். வளைவு இருந்தே ஆகவேண்டுமானால் மேட்டுக்கு முன்பே தொடங்கி, மேட்டுக்குப் பின்னும் நீளட்டும்.

11. மலைக்கு மட்டும்

மலையில் 3000 மீ. உயரம் வரையிலான செங்குத்து நிலத்தில் வழக்கமான ஏற்றம் 6 சதவீதம், எல்லை 7. வளைவில் வண்டிக்கு இழுவை குறையும் என்பதால் ஏற்றத்தையும் குறைக்கவேண்டும். குறைக்கும் சதவீதம்: (30 + ஆரம்) ÷ ஆரம், அதிகபட்சம் 75 ÷ ஆரம். 50 மீ. ஆர வளைவில் 1.5 சதவீதம் கழித்து 6ஐ 4.5 ஆக்குங்கள். 4க்குக் கீழே இறக்கத் தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவுக்குத் தனி எண்கள்: வேகம் 20, உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீ., இருவழி நெடுஞ்சாலையில் திருப்பத்தின் அகலம் 11.5 மீ., இடைமாறு வளைவு 15 மீ., ஏற்றம் 0.5க்கும் 2.5க்கும் நடுவே, சாய்வு 10க்கு 1. இரண்டு கொண்டை ஊசிக்கு நடுவே 60 மீ. வேண்டும். எழுபது கொண்டை ஊசி உள்ள கொல்லிமலைச் சாலையில் ஏறிப் பார்த்தால் இந்த ஒவ்வோர் எண்ணும் எதற்கு என்று பேருந்தின் பின்சக்கரமே சொல்லும். திருப்பத்தில் ஏற்றத்தைக் குறைக்காமல் விட்டால், பாதித் திருப்பத்தில் கியர் மாற்றவேண்டி வரும். பாரம் ஏற்றிய லாரி பின்னோக்கி உருளுவது அந்த நொடியில்தான்.

12. தளத்தில் சரிபார்த்தல்

250 மீட்டருக்கு ஒரு லெவல் குறியை, பெயராத இடமாகப் பார்த்து, கல்வெர்ட் கைப்பிடிச் சுவர் மாதிரி இடத்தில் பெயிண்டில் எழுதுங்கள். நேர்கோட்டில் 20 மீட்டருக்கு ஒரு முளை, வளைவில் 10 மீட்டருக்கு ஒன்று.

தார் பரப்பும் பேவர் இயந்திரத்தை ஓட்டுபவரிடம் சதவீதத்தில் பேசவேண்டாம், மில்லிமீட்டரில் சொல்லுங்கள். 2.5 சதவீதக் கேம்பர் என்றால் நடுவுக்கும் விளிம்புக்கும் 88 மி.மீ. முழு வளைவில் விளிம்புக்கு விளிம்பு 532 மி.மீ. நடுவில் உள்ள முளைகளுக்கும் இப்படியே ஒரு பட்டியல் போட்டு லெவல் பார்ப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். தார் போட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட, ஜல்லிக் கலவை பரப்பும்போதே கண்டுபிடித்தால் திருத்த ஒரு நாள்தான் ஆகும்.

பார்வைத் தூரத்தைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கான்கிரீட் சோதனைக்கு வார்க்கும் 150 மி.மீ. கியூப் ஒன்றை வளைவின் உள்தடத்தில் வையுங்கள், அதுவே 0.15 மீ. தடை. 1.2 மீ. குறித்த குச்சியின் உச்சியில் கண்ணை வைத்து, கியூப் மறையும்வரை தடத்திலேயே பின்னோக்கி நகருங்கள். டேப்பில் 120 மீட்டருக்கு முன்பே மறைந்தால், எது மறைக்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள். பெரும்பாலும் சீமைக்கருவேலமோ விளம்பரப் பலகையோதான். மேட்டிலும் இதையே செய்யலாம்.

முடிவு வரைபடத்தில் வளைவின் சாய்வையும் விளிம்பு லெவல்களையும் 10 மீட்டருக்கு ஒருமுறை எழுதிக் கொடுங்கள். சில வருடம் கழித்து மேல்தளம் புதுப்பிக்க வருகிறவர் வளைவிலும் வழக்கமான கேம்பரையே போட்டுவிட்டால் 7 சதவீதம் ஓசையில்லாமல் தேய்ந்துவிடும். 40 மி.மீ. அடுக்கை இரண்டு தடவை போட்டு பெர்மை உயர்த்தாமல் விட்டால், விளிம்பில் 80 மி.மீ. படி உருவாகும். ஒதுங்கிய இருசக்கர வண்டி திரும்ப ஏறும்போது கவிழ்வது அந்தப் படியில்தான். புதுப்பிக்கும் மதிப்பீட்டிலேயே பழைய தளத்தைச் சுரண்டி எடுக்கும் வேலையையும் பெர்ம் மண்ணையும் தனி இனமாகச் சேர்த்துவிடுங்கள்.